பண்ணைவீட்டுக்குக் குசினியோடு போனவர்கள்

காலை ஐந்து மணி பத்து நிமிடம். வெள்ளவத்தையில் நாங்கள் இருக்கும் தொடர்மாடியில் லிஃப்ட் கதவு திறந்தபோது உள்ளே ஆட்கள் எவரும் இல்லை. ஒரு ரைஸ் குக்கர் மட்டும் நின்றது. அதன் வயர் ஒழுங்காகச் சுற்றப்பட்டு ரப்பர் பட்டி போடப்பட்டிருந்தது.

அனுப்பியவள் என் அக்கா. நான் மூன்றாம் மாடியில் தனியாக இருக்கிறேன். அக்காவும் அத்தானும் அவர்களுடைய மகளும் ஐந்தாம் மாடியில். பயணம் என்றால் சாமான்களைக் கீழே இறக்க அக்காவிடம் ஒரு முறை உண்டு. பொருளை லிஃப்டுக்குள் வைத்துப் பொத்தானை அமர்த்திவிட்டு, அடுத்த பொருளை எடுக்க வீட்டுக்குள் போய்விடுவாள். கீழே மகள் நின்று இறக்கிக் காரில் ஏற்றுவாள். நான் ரைஸ் குக்கருக்குத் துணையாகக் கீழே போனேன். அடுத்த முறை லிஃப்ட் இடியப்பத் தட்டுகளையும் புட்டு அவிக்கும் நீத்துப்பெட்டியையும் கொண்டுவந்தது. அதற்கடுத்த முறை ஒரு ரெஜிபோம் பெட்டி, மீன்கடைகளில் வைத்திருக்கும் வெள்ளை நுரைப்பெட்டி. பெட்டிக்குள் ஐஸ், ஐஸுக்குள் நண்டு.

நாங்கள் போகவிருந்தது வெலிமடைக்கு அப்பால், ஒரு தோட்டத்துக்குள் இருக்கும் பண்ணைவீட்டுக்கு. வெள்ளைக்காரர் ஒருவர் மாடு வளர்த்த காலத்தில் கட்டிய கல்வீடு. இப்போது விடுமுறைக்கு வருபவர்களுக்கு வாடகைக்கு விடுகிறார்கள். கொள்ளுப்பிட்டியில் ஒரு வங்கியில் வேலை செய்யும் மகள்தான் இணையத்தில் அதைக் கண்டுபிடித்து வெள்ளி, சனி இரண்டு இரவுகளுக்கும் பதிந்தாள். வாடகையில் சாப்பாடும் அடக்கம், அங்கேயே ஒரு சமையற்காரர் இருக்கிறார் என்பதையும் அவள் முதலிலேயே சொல்லியிருந்தாள்.

"அடக்கமெண்டா அடக்கமா இருக்கட்டும்," என்றாள் அக்கா. "அதுக்காண்டி நாங்கள் சாப்பிட வேணுமே?"

எங்கள் குடும்பம் எங்கே போனாலும் குசினியும் கூட வரும். கதிர்காமத்துக்குப் போனபோதும் வந்தது. திருகோணமலையில் கடற்கரையோரம் நல்லதொரு ஹோட்டலில் நின்றபோது, அறையில் இடியப்பம் அவித்து அலாரம் அடித்ததும் உண்டு. இதற்குச் சொல்லப்படும் காரணம் அத்தானின் வயிறு. அத்தான் அரசாங்கக் கணக்காய்வாளராக இருந்து ஓய்வு பெற்றவர். அவருடைய வயிறு இதுவரை ஒரு நாளும் பழுதாகியதில்லை. வெளியில் சாப்பிடாததால்தான் பழுதாகவில்லை என்பது அக்காவின் வாதம். அதை எவராலும் மறுக்க முடியவில்லை.

மகள் காரோட்டினாள். அத்தான் முன்னால் இருந்து அவளுக்குப் பாதையின் வெள்ளைக் கோடுகளைக் காட்டினார். பின்னால் அக்காவுக்கும் எனக்கும் நடுவே, மடியில் பாதியும் இருக்கையில் பாதியுமாக, நீத்துப்பெட்டி. இரத்தினபுரியைத் தாண்டும்போது அத்தான் திடீரென்று திரும்பினார்.

"இண்டைக்குப் பறுவமெல்லோ!"

இந்த இடத்தில் கொஞ்சம் விளக்க வேண்டும். நம் நாட்டில் நீண்ட வார இறுதி பெரும்பாலும் போயா விடுமுறையால் வருவது. போயா என்றால் பூரணை, முழுநிலா நாள். பூரணை என்றால், தாயை இழந்தவர்களுக்குப் பறுவ விரதம். அத்தானுக்குத் தாய் இல்லை. ஆகவே நாங்கள் உல்லாசப் பயணம் புறப்படும் முதல் நாள் அத்தானுக்கு விரதமாகவே இருக்கும். பல வருடங்களாக இப்படித்தான் நடக்கிறது. ஆனாலும் ஒவ்வொரு முறையும் இது அவருக்குப் புதிய செய்தி. ஒவ்வொரு முறையும் இரத்தினபுரிக்கும் பலாங்கொடைக்கும் இடையில்தான் தெரியவரும்.

"வெள்ளியும்தானே," என்றாள் அக்கா. "எப்பிடியும் மரக்கறி. நண்டு நாளைக்கு."

"சம்பலுக்கு மாசிக் கருவாடு போட்டனீரோ?"

"போடேல்லை. எனக்கு நாள் கிழமை தெரியும்."

மத்தியானம் அப்புத்தளைக்குக் கிட்ட, பாதையோரம் காரை நிறுத்தி, முன்பக்க மூடியின் மேல் பத்திரிகை விரித்து இடியப்பமும் சொதியும் சாப்பிட்டோம். கீழே மேகம் போய்க்கொண்டிருந்தது. விரதத்துக்கு ஒருநேரச் சாப்பாடு என்பதால் அத்தான் அந்த ஒருநேரத்தை முழுமையாகப் பயன்படுத்தினார்.

பண்ணைவீடு ஒரு சரிவின் மேலே, யூக்கலிப்டஸ் மரங்களுக்கு நடுவில் இருந்தது. தடித்த கல்சுவர், சிறிய ஜன்னல்கள், உயரம் குறைந்த கதவுநிலைகள். அத்தான் உள்ளே போகும்போதே முதல் நிலையில் தலையை இடித்தார். அடுத்த இரண்டு நாட்களும் அதே நிலையில் இடித்தார், வேறெங்கும் இடிக்கவில்லை. கணப்படுப்பு இருந்தது. சுவரில் மாடுகளின் பழைய புகைப்படங்கள். குளியலறையில் சிங்கக்கால் வைத்த பெரிய தொட்டி. அக்கா அந்த வீட்டில் செய்த முதல் வேலை அந்தத் தொட்டியை விளிம்புவரை நிரப்பியது. தண்ணீர் நின்றுபோனால் என்ன செய்வது? ஜன்னலுக்கு வெளியே ஓடை இரைந்து ஓடிக்கொண்டிருந்தது.

சமையற்காரர் எங்களை வாசற்படியில் வரவேற்றார். அறுபத்தைந்து வயதிருக்கும். வெள்ளைச் சாரம், கழுத்துவரை பொத்தான் போட்ட வெள்ளைக் கோட்டு. கையில் தட்டு, தட்டில் நாலு கிளாஸ் பழச்சாறு. அவர் பார்வை எங்கள் முகங்களில் இருந்து, மகள் திறந்த காரின் பின்பக்கத்துக்குப் போனது. ரைஸ் குக்கர் இறங்கியது. இடியப்பத் தட்டுகள் இறங்கின. ரெஜிபோம் பெட்டி இறங்கியபோது தட்டிலிருந்த கிளாஸ்கள் ஒன்றோடொன்று முட்டிச் சத்தம் கேட்டது.

அத்தான் சட்டைப்பையிலிருந்து எங்கள் நாலு பேரின் அடையாள அட்டைப் பிரதிகளையும் எடுத்து அவரிடம் நீட்டினார்.

"இது எதுக்குங்கய்யா?"

"பொலிஸ் வந்து கேட்டால் காட்டுறதுக்கு."

"இங்க பொலிஸ் வந்து ரொம்பக் காலமுங்க. கடைசியா வந்தவங்க கேக் சாப்புட்டுட்டுப் போனாங்க."

அத்தான் பிரதிகளைத் திருப்பி வாங்கவில்லை. போர்க்காலத்தில் பொலிஸ் தமிழர் வீடுகளுக்கு வந்து பதிவு கேட்ட வெள்ளவத்தையிலேயே வாழ்ந்து பழகியவர், கொடுத்தால்தான் அவருக்கு நித்திரை வரும். சமையற்காரர் அவற்றைத் தட்டின் கீழே வைத்துக்கொண்டார்.

பின்னேரம் நான் விறாந்தையில் தேநீர் குடித்துக்கொண்டிருந்தபோது அவர் என் கதிரைக்குப் பக்கத்தில் வந்து நின்றார். அவர் தந்த பழச்சாற்றைக் குடித்தவள் நான் ஒருத்திதான். மற்றவர்கள் போத்தல் தண்ணீர் கொண்டுவந்திருந்தார்கள்.

"அம்மா பேப்பர்ல வேலைன்னு கார் ஓட்டிட்டு வந்த சின்னம்மா சொன்னாங்க."

"வேலை செய்தனான். இப்ப இல்லை."

"அப்ப வெவரமா பேசுவீங்க. அவங்ககிட்ட ஒரு வார்த்த சொல்லுங்க. சாப்புடச் சொல்லுங்க."

"என்ன சாப்பாடு?"

"என் சாப்பாடுங்க."

அவர் குரலைத் தாழ்த்தி விஷயத்தைச் சொன்னார். தோட்டத்தின் சொந்தக்காரி கொழும்பிலிருக்கும் ஒரு சிங்கள அம்மா. அவரை இவர் நோனா என்றார். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் நோனா வருகிறார். வந்து, விருந்தினரோடு மேசையில் இருந்து, தன் கண்ணால் பார்த்து ஒரு முடிவு எடுக்கப் போகிறார்.

"வாற கெஸ்ட் எல்லாம் சட்டி பானையோட வராங்க. நான் ஆக்குறது அப்படியே திரும்பி வருது. யாரும் திங்காத சோத்துக்கு எதுக்கு ஒரு சமையக்காரன்னு கேக்குறாங்க. இந்த வாட்டியும் அப்படியே இருந்தா குசினியப் பூட்டிட்டு, கெஸ்ட்டுக்கு ஒரு அடுப்ப வச்சு விட்டுருவாங்க. அப்புறம் நான் கொட்டாஞ்சேனைக்குத்தான் போகணும்."

"அங்கை ஆர்?"

"மக வீடுங்க. ரெண்டு ரூம்பு. மருமகன் நல்ல மனுசன், டீவிதான் கொஞ்சம் சத்தமா பாப்பாரு. ஆனா குசினி மகளோடது. போன தீவாளிக்கு ஒரு சூப்பு வச்சேன். அப்பா, இத யாரும் பாக்குறதுக்குள்ள ஊத்திருங்கன்னுட்டா."

தன் மகளின் கருத்தை அவர் கோபமில்லாமல்தான் சொன்னார். அவளுக்கு நாக்குச் சரியில்லை என்பது அவர் முடிவு.

"மிச்சத்தை நாய்க்குப் போட்டால் நோனாவுக்கு எப்பிடித் தெரியும்?" என்று நான் கேட்டேன்.

"போட்டுப் பாத்தேங்க. போன மாசம் நோனா வந்தப்ப நாயப் பாத்துட்டாங்க."

நாய் படியில் படுத்திருந்தது. நான் முதலில் அதைக் கன்றுக்குட்டி என்று நினைத்திருந்தேன்.

அக்காவிடம் போய் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் தொட்டித் தண்ணீரை ஒரு வாளியால் இன்னொரு வாளிக்கு மாற்றிக்கொண்டிருந்தாள்.

"பாவம்தான்," என்றாள். "அதுக்காகப் பறுவத்தண்டு என்ரை மனுசனைக் கோழி தின்னச் சொல்லுறியே?"

"கோழியெண்டு ஆர் சொன்னது?"

"மணக்குது."

ஏழு மணிக்குச் சமையற்காரர் ஒரு வெண்கலத் தட்டில் அடித்து எங்களை மேசைக்கு அழைத்தார். மேசையில் ஆளுக்கு மூன்று கரண்டி, இரண்டு கத்தி, கூம்பாக மடித்த துணி. அக்காவும் அத்தானும் மகளும் அவரவர் இடத்தில் அமர்ந்தார்கள். வராமல் விடுவது மரியாதையில்லை என்பதில் எல்லோருக்கும் ஒரே கருத்து. சாப்பிடுவது வேறு விஷயம்.

முதலில் சூப் வந்தது. வெள்ளையாக இருந்தது. சுவையும் அப்படித்தான். அதில் லீக்ஸ் போட்டிருப்பதாக அவர் சொன்னார். பாலும் பட்டரும் கோழி அவித்த தண்ணீரும் சேர்ந்தது என்றும் சொன்னார். கோழித் தண்ணீர் என்றதும் எதிரே மூன்று கரண்டிகள் ஒரே நேரத்தில் கீழே வைக்கப்பட்டன. நான் என்னுடையதைக் குடித்தேன். பிறகு மகளுடையதைக் குடித்தேன்.

அடுத்து கோழி. முழுக்கோழி, கால்கள் நூலால் கட்டப்பட்டு, சுற்றிவர உருளைக்கிழங்கோடு வந்தது. சமையற்காரர் அதை நேரே அத்தானின் முன்னால் வைத்து, வெட்டும் கத்தியைக் கையில் கொடுத்தார். அந்த வீட்டில் குடும்பத் தலைவர்தான் வெட்ட வேண்டுமாம். விரதக்காரர் கத்தியை இரண்டு விரலால் பிடித்து என்னிடம் தந்துவிட்டுக் கணப்படுப்பின் பக்கம் திரும்பிக்கொண்டார்.

மகள் கோழியைப் பார்த்தாள். கொள்ளுப்பிட்டியில் திங்களும் வெள்ளியும் அவளுக்கு ஒன்றுதான். தகப்பனுக்கு முன்னால் மட்டும் வெள்ளி வெள்ளிதான்.

"சித்தி, ஒரு காலை எடுத்து வையுங்கோ," என்று என் காதில் சொன்னாள். "பன்னிரண்டு மணிக்குப் பிறகு சனிக்கிழமைதானே."

அத்தான் கணப்படுப்பைப் பார்த்தபடியே பதில் சொன்னார். "சூரியன் உதிக்கும் வரைக்கும் வெள்ளிதான்."

கடைசியாகக் கரமல் புடிங் வந்தது. அத்தானின் முகம் முதன்முறையாக மலர்ந்தது. இனிப்பு அவருக்குப் பலவீனம்.

"இதுக்கு முட்டை போட்டதோ?"

"ஆறு முட்டைங்க ஐயா!" என்றார் சமையற்காரர், நிமிர்ந்து நின்று.

புடிங்கும் என் பக்கம் வந்தது.

என்னால் இயன்றதைச் செய்தேன். எனக்கு எல்லா நாளும் எல்லாம் சாப்பிடுகிற வழக்கம், ஆனால் வயிறு ஒன்றுதான். மீதியை மகள் தாளில் சுற்றி மறுநாளைக்கென்று அறைக்குக் கொண்டுபோனாள். வெறும் தட்டுகளை எடுத்துக்கொண்டு போனபோது சமையற்காரர் என்னைப் பார்த்த பார்வையில் நன்றி இருந்தது. காலையில் பலகாரம் அதிகமாகச் செய்வதாகச் சொன்னார்.

சனிக்கிழமை நண்டின் நாள். அக்கா விடிய எழும்பி, மிளகாய்த்தூள், தேங்காய், முருங்கையிலை எல்லாவற்றையும் விறாந்தையில் ஒழுங்குபடுத்திவிட்டு, காஸ் அடுப்பைத் தேடினாள். காஸ் அடுப்பு இல்லை. காரிலும் இல்லை. அப்போதுதான் வெள்ளவத்தையிலிருந்து பக்கத்து வீட்டுக்காரர் தொலைபேசி எடுத்தார். நேற்றுக் காலையிலிருந்து லிஃப்டுக்குள் ஒரு அடுப்பு ஏறி இறங்கிக்கொண்டிருக்கிறது, அது எங்களுடையதா என்று கேட்டார்.

அக்கா நண்டுப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு குசினி வாசலுக்குப் போனாள். சமையற்காரர் வாசலை நிறைத்துக்கொண்டு நின்றார்.

"கெஸ்ட் குசினிக்குள்ள வரக்கூடாதுங்கம்மா."

"நான் கெஸ்ட் இல்லை. சமைக்கிற ஆள்."

"இங்க சமைக்கிற ஆள் நாந்தாங்க. குடுங்க, நானே ஆக்கித் தாறேன்."

"என்னெண்டு ஆக்குவியள்?"

"அவிச்சு, உடைச்சு, வெள்ள சோஸ் ஊத்தி, மேல சீஸ் போட்டு..."

அக்கா பெட்டியை நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள். யாழ்ப்பாணத்து நண்டுக்கு அப்படியொரு கதி வரவிட மாட்டாள் என்பது அவள் நின்ற விதத்தில் தெரிந்தது.

கடைசியில் பழைய மாட்டுக்கொட்டகைக்குப் பின்னால் மூன்று கல் வைத்து, கீழே கிடந்த காய்ந்த கிளைகளைப் பொறுக்கி, அத்தான் அடுப்பு மூட்டினார். நன்றாகப் பற்றியது. புகை சட்டியைச் சுற்றிச் சுற்றி வந்தது. அரைமணி நேரத்தில் எங்களுக்கு ஒரு விஷயம் புரிந்தது. அந்தத் தோட்டத்தில் கீழே கிடக்கும் கிளையெல்லாம் யூக்கலிப்டஸ். கறி கொதிக்கக் கொதிக்க, தடிமனுக்கு மூக்கில் பூசும் தைலத்தின் வாசம் பண்ணை முழுவதும் பரவியது.

அக்கா ருசி பார்த்தாள். அகப்பையை அத்தானிடம் நீட்டினாள். அத்தான் ருசி பார்த்தார்.

"சளிக்கு நல்லது," என்றார்.

இதற்கிடையில் வெண்கலத் தட்டு ஒலித்தது. உள்ளே மேசையில் இறைச்சி ஸ்டூவும் அவித்த கரட்டும் காத்திருந்தன. நாங்கள் கொட்டகைக்குப் பின்னால் சுவரோரம் இருந்து நண்டைச் சாப்பிட்டோம். அன்று விரதமில்லை, உள்ளே போய்ச் சாப்பிட ஒரு தடையுமில்லை. ஆனால் அக்கா பார்த்துக்கொண்டிருக்கும்போது அவள் கறியை விட்டுவிட்டு எழும்புகிற துணிவு எங்களில் எவருக்கும் இல்லை. சமையற்காரர் எங்களைத் தேடிக்கொண்டு வந்தார். அக்கா, பகையென்றாலும் பந்தி தவறக்கூடாது என்று, ஒரு சின்னக் கோப்பையில் அவருக்கும் கறி போட்டுக் கொடுத்தாள். அவர் நின்றபடியே குழம்பைச் சுவைத்தார்.

"எப்பிடி?"

"கசாயம் மாதிரி இருக்குங்க."

மகள் எழும்பி ஓடைப்பக்கம் போய்விட்டாள். அவள் தோள்கள் சிரிப்பில் குலுங்குவது இங்கிருந்து தெரிந்தது.

"கசாயமோ? உங்கடை சூப்பைப் பற்றி நான் ஏதும் சொன்னனானே?"

"நீங்க குடிக்கவே இல்லியேம்மா."

"குடிக்காமலே தெரியும். என்ரை தங்கச்சி குடிச்சிட்டு ராமுழுக்க ஒரு சொல்லுக் கதைக்கேல்லை. ஆஸ்பத்திரியிலை கூட உப்புப் போடுவினம்."

"வெள்ளக்காரத் தொரைங்க குடிச்ச சூப்புங்க அது!"

"அதுதானே எல்லாரும் கப்பலேறிப் போட்டினம்."

அவர் கோப்பையைச் சுவரின் மேல் வைத்தார். அதை முழுவதும் முடித்திருந்ததை நான் கவனித்தேன். பிறகு தன் கோட்டின் பொத்தானைப் பிடித்துக்கொண்டு, சண்டைக்குரல் இல்லாமல் பேசினார்.

"நாளைக்கு நோனா வந்து இதத்தான் பாப்பாங்க, அம்மா. கொட்டகைக்குப் பின்னால அடுப்பு. மேசைல தொடாத சாப்பாடு. நான் பெட்டியக் கட்டிர வேண்டியதுதான். மக வீட்டுல எனக்கு எந்தக் கொறையும் வராது. ஒரு வேலையும் செய்யாதீங்கப்பா, ஒக்காருங்கன்னு சொல்லுவா. காலையில இருந்து ராவு வரைக்கும் ஒக்காந்திருக்கணும்."

அவர் போன பிறகு அக்கா நெடுநேரம் சட்டியைக் கிளறிக்கொண்டிருந்தாள். சட்டியில் கிளற ஒன்றும் இருக்கவில்லை.

அவளுக்கு ஒரு மகனும் இருக்கிறான், ரொறன்ரோவில். இரண்டு வருடங்களுக்கு முன் அவள் அங்கே போய் ஆறு மாதம் நிற்க வேண்டியவள், மூன்று மாதத்தில் திரும்பி வந்துவிட்டாள். குளிர் ஒத்துக்கொள்ளவில்லை என்று எல்லோருக்கும் சொன்னாள். எனக்கு மட்டும் உண்மையைச் சொல்லியிருந்தாள். மீன் பொரித்த அன்று மருமகள் எல்லா ஜன்னல்களையும் திறந்துவிட்டு, "மாமி, நீங்கள் இனி ஒண்டும் செய்ய வேண்டாம், இருங்கோ" என்றிருக்கிறாள். நல்ல பிள்ளை, அன்பாகத்தான் சொன்னாளாம்.

"நாளைக்கு அந்த மனுசன் என்ன வைச்சாலும் எல்லாரும் சாப்பிடுறியள்," என்றாள் அக்கா. "கோப்பையிலை ஒரு பருக்கை மிஞ்சக்கூடாது. நீங்களும்தான்."

கடைசி வசனம் அத்தானுக்கு.

"என்ரை வயிறு..." என்று தொடங்கினார் அத்தான்.

"உங்கடை வயித்துக்கு இதுவரைக்கும் என்ன வந்தது? ஒண்டும் வரேல்லை. சாப்பிடுங்கோ."

பல வருட வாதம் அந்த ஒரு நிமிடத்தில் தலைகீழாகியது. அத்தான் அதைச் சுட்டிக்காட்டவில்லை.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் நோனா தானே ஜீப் ஓட்டிக்கொண்டு வந்தார். மெலிந்தவர், நரைத்த கட்டைமுடி, தோளில் ஒரு துணிப்பை. இறங்கியதும் முதலில் நாயைப் பார்த்தார். நாய் எழும்ப முயன்று, பாதியில் யோசனையை மாற்றிக்கொண்டது. பிறகு எங்களுக்கு வணக்கம் சொல்லிவிட்டு வீட்டைச் சுற்றி ஒரு நடை போனார். திரும்பி வந்தபோது முகத்தில் ஒன்றும் தெரியவில்லை.

மேசையில் ஐந்து பேருக்கு இடம் போட்டிருந்தது. நோனா மேசையின் தலைப்பக்கம் அமர்ந்து, துணிப்பையைத் திறந்து, ஒரு சாப்பாட்டுப் பெட்டியை எடுத்து முன்னால் வைத்தார். அதற்குள் சிவப்பரிசிச் சோறு, பருப்பு, கங்குன் கீரை வறை. எனக்கு நீரிழிவு வருத்தம், வீட்டுச் சாப்பாடு மட்டும்தான், நீங்கள் சாப்பிடுங்கள் என்று மகளிடம் ஆங்கிலத்தில் சொன்னார். சூப் சட்டியோடு வந்த சமையற்காரர் ஒருகணம் நின்றார். அந்தப் பெட்டியை அவர் முன்பும் பார்த்திருக்கிறார் என்று தோன்றியது. நோனாவைத் தவிர்த்து எங்களுக்குப் பரிமாறினார்.

அதே வெள்ளைச் சூப்.

அக்கா கண்ணை மூடிக்கொண்டு குடித்தாள். மகள் வேகமாகக் குடித்தாள். அத்தான் முதல் கரண்டியை வாயில் வைத்து, கணக்கில் பிழை கண்டவர் போல நிமிர்ந்து, பிறகு தொடர்ந்தார். கோப்பையின் அடி தெரிந்தது. அதோடு அவர் நிறுத்தியிருக்கலாம். ஆனால் கோப்பையை நீட்டி, "இன்னும் கொஞ்சம்," என்றார். அவரோடு நாற்பது வருடம் வாழ்ந்த அக்கா அவரை அப்படிப் பார்த்து நான் கண்டதில்லை.

கோழி வந்தது. இம்முறை அத்தானே வெட்டினார். நேர்கோட்டில், சம அளவில் வெட்டினார். மேசைக்குக் கீழே மகளின் கையிலிருந்து அக்காவின் கைக்கு ஒரு பச்சைமிளகாய் போனது. கரட் முடிந்தது. உருளைக்கிழங்கு முடிந்தது. அத்தான் புடிங்கில் மூன்று துண்டு சாப்பிட்டார், அதற்கு எவரும் வற்புறுத்தவில்லை.

நோனா கரண்டியை வைத்துவிட்டு அத்தானிடம், "ரஸய்த?" என்று கேட்டார், ருசியா என்று.

அத்தான் அரசாங்க சேவையில் கற்ற சிங்களத்தில், சொல் சொல்லாக நிறுத்தி, பதில் சொன்னார். இங்கே வந்த மூன்று நாளில் இப்படி ஒரு சூப் தான் குடிக்கவில்லை. கணக்காய்வாளர் பொய் சொல்ல மாட்டார்.

சமையற்காரர் தட்டுகளை அடுக்கினார். எல்லாம் வெறுமையாக இருந்தன. நோனா அவற்றைப் பார்த்தார். பிறகு ஆங்கிலத்தில், அமைதியாக, மகளைக் கேட்டார்: அப்படியானால் விறாந்தையில் நிற்கும் ரைஸ் குக்கர் யாருடையது? கொட்டகைக்குப் பின்னால் மூன்று கல்லும் நண்டுக் கோதும் எப்படி வந்தன?

குசினி வாசலில் தட்டுகளோடு சமையற்காரர் நின்றுவிட்டார். மகள் கேள்வியை அப்படியே தமிழாக்கி அக்காவின் பக்கம் தள்ளிவிட்டாள். வங்கியில் இதற்குப் பயிற்சி கொடுப்பதில்லை.

அக்காதான் பேசினாள், தமிழில். "பிள்ளை, நான் சொல்லுறதை அப்பிடியே அவவுக்குச் சொல்லு. சமையல் அண்ணையிலை ஒரு பிழையும் இல்லை. அவர் வைக்க முதலே நாங்கள் சாப்பாட்டோடைதான் வந்தனாங்கள். எங்கை போனாலும் அப்பிடித்தான். கலியாண வீட்டுக்குப் போனாலும் இந்த மனுசன் வீட்டிலை சாப்பிட்டிட்டுத்தான் போவார். சமையல் நல்லமோ கூடாதோ எண்டு நாங்கள் பார்க்கவே இல்லை. பார்க்காமல்தான் விட்டனாங்கள். மற்ற ஆக்களும் அப்பிடித்தான் இருப்பினம். சட்டியோடை வந்தால் பிறகு ஆர் மேசைக்கு வருவினம்?"

மகள் மொழிபெயர்த்தாள். கலியாண வீட்டையும் விடவில்லை. நோனா கேட்டுக்கொண்டிருந்தார். இடையில் தன் முன்னாலிருந்த சாப்பாட்டுப் பெட்டியைப் பார்த்தார். அதன் மூடியை எடுத்து மெதுவாகப் பூட்டினார்.

"அப்படியென்றால் பிரச்சினை அவரில்லை," என்று ஆங்கிலத்தில் சொன்னார். "நீங்கள்தான்."

"ஓம்," என்றாள் அக்கா. அதை மொழிபெயர்க்கத் தேவைப்படவில்லை.

நோனா சமையற்காரரைக் கூப்பிட்டு, அடுத்த வெள்ளிக்கு ஆறு பேர் வருகிறார்கள், கோழி இரண்டு வாங்கி வை என்று சிங்களத்தில் சொன்னார். அவர் சரி என்று சொல்லிவிட்டு உள்ளே போனார். சிறிது நேரத்தில் குசினியிலிருந்து ஒரு தட்டு உடையும் சத்தம் கேட்டது. நோனா தன் சாப்பாட்டுப் பெட்டியைத் துணிப்பைக்குள் வைத்தார்.

நாங்கள் புறப்பட்டபோது சமையற்காரர் காரடிக்கு வந்து, ஒரு போத்தலை அக்காவிடம் கொடுத்தார். வழியில் குடிக்கச் சூப். அக்கா அதைக் கையில் வாங்கி, மூடி இறுக்கமா என்று பார்த்து, தன் காலடியில் வைத்துக்கொண்டாள். பலாங்கொடை வரை எவரும் அதைத் திறக்கவில்லை. பலாங்கொடையில் அத்தான் தனக்குப் பசிக்கிறது என்றார். நாங்கள் ஒரு கடையில் நிறுத்தி ரொட்டி சாப்பிட்டோம். அவர் வயிற்றுக்கு ஒன்றும் வரவில்லை.

இது நடந்து நாலைந்து மாதமிருக்கும். போன வாரம் மகளின் வங்கியிலிருந்து சிலர் அந்தப் பண்ணைவீட்டுக்குப் போய் வந்தார்கள். சமையற்காரர் அங்கேதான் இருக்கிறார், சூப் தந்தார் என்று சொன்னார்கள். வாசல் கேற்றில் புதிதாக மாட்டியிருந்த பலகையைப் படமெடுத்து மகளுக்கு அனுப்பியிருந்தார்கள். வெளியிலிருந்து சமைத்த உணவோ, பச்சை மீன், நண்டு வகைகளோ, சமையல் பாத்திரங்களோ உள்ளே கொண்டுவரக் கூடாது என்று அதில் எழுதியிருந்தது. அறிவித்தல் மூன்று மொழிகளிலும் இருந்தது. எப்போதும் சிங்களத்துக்குப் பின்னால் வரும் தமிழ் இதில் முதலில்.